அம்மியும் பல் உறையும்

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி

சென்ற ரமழானில் ஒரு நாள் நோன்பு திறந்த கையோடு உம்மா ஐஸ் போட்ட பலூடாவை ஒரு மிடறு குடித்தார். அடுத்த கணம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மேல் வரிசையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் உறை போட்டிருந்தோம். அந்தப் பல்தான் கெட்டுவிட்டது என்று வாப்பா முகம் வாடிப்போனார். அதற்குக் கொடுத்த காசு அவரது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு. ஆனால் உம்மா சொன்னது வேறு.

"கட்டின பல்லு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு நேர கீழ இருக்கிற பல்லுதான் சுள்ளெண்டு இழுக்குது."

கீழ்ப்பல்லில் சூத்தை கிடையாது. அதை எவரும் குடையவும் இல்லை. அல்லாஹ் கொடுத்தபடியே நாற்பத்தைந்து வருடம் இருந்த பல் அது. மேலே போட்ட உறைக்கும் கீழே கூசும் பல்லுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் பல்லைப் பற்றிக் கொஞ்சம். பல்லின் வெளிப்புறம் மிளிரி. எனாமல் என்றால் பெற்றோருக்கு விளங்கும். மனித உடலிலேயே மிகவும் கடினமான பொருள் இதுதான். இதன் நிறையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனியம். ஐதரொட்சிஅபற்றைற்று என்ற கல்சியம் பொசுபேற்றுப் பளிங்குகள் கோல் கோலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைவாய்ப் பல்லின் முகட்டில் இது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் வரை தடித்திருக்கும். அதற்குள்ளே பன்முதல் என்ற மென்மையான இழையம். பன்முதலில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. மிளிரி மெலிந்து பன்முதல் வெளியே தெரியத் தொடங்கினால் குளிரும் புளிப்பும் அந்தக் குழாய்களின் வழியே உள்ளிருக்கும் நரம்பைச் சீண்டும். உம்மா கண்ணை மூடியது அதனால்தான்.

எலும்பு முறிந்தால் பொருந்தும். தோல் கிழிந்தால் மூடும். மிளிரி போனால் போனதுதான். அதை உருவாக்கும் கலங்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆறேழு வயதில் முளைக்கும் முதலாவது கடைவாய்ப் பல் ஆயுள் முழுவதற்கும் அந்த இரண்டரை மில்லிமீற்றரை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

தேய்வு என்பது நோயல்ல. பல்லோடு பல் உரசினால் இரண்டும் தேயத்தான் செய்யும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1989 இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, இயற்கையான கடைவாய்ப் பற்களின் மிளிரி கடிபடும் இடத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 29 மைக்ரோமீற்றரும், முன்கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழ 15 மைக்ரோமீற்றரும் தேய்கிறது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பு தேய்வதற்கே இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகும். அவசரமில்லாத தேய்வு இது.

ஆனால் கடற்கரையில் வாழும் நமக்கு இதை அவசரப்படுத்தும் சங்கதி ஒன்று உண்டு. கற்பிட்டிக் கருவாட்டை எவ்வளவு கழுவினாலும் சில நாட்களில் பல்லுக்கிடையில் 'நறுக்' என்று ஒரு மணல் அகப்படும். கடற்கரை மணலில் அதிகம் இருப்பது குவாட்ஸ். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோவின் அளவுகோலில் குவாட்ஸுக்கு 7, மிளிரிக்கு 5. எனவே மணல் மிளிரியைக் கீறும். உப்பளத்து உப்புக்கு இரண்டரைதான். எவ்வளவு பெரிய கட்டியைக் கடித்தாலும் அது பல்லைக் கீறாது. பண்டைய எகிப்தியரின் மம்மிகளில் பற்கள் மட்டமாகத் தேய்ந்து கிடப்பதற்கு அவர்களின் ரொட்டியில் கலந்திருந்த மணலும் திரிகைக் கல் துகளும் முக்கிய காரணமென்று சொல்கிறார்கள்.

இனி உறைக்கு வருவோம். உம்மாவுக்குப் போட்டது சிர்கோனியா உறை. இந்தப் பெயரைக் கேட்டவுடன் ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. 1789 இல் பேர்லின் நகரில் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத் என்ற இரசாயனவியலாளர், இலங்கையிலிருந்து போன சிர்கோன் கல்லொன்றைப் பகுத்துப் பார்த்தார். அதற்குள் அதுவரை எவரும் அறியாத ஒரு மூலகத்தின் ஒட்சைட்டு இருந்தது. அந்த மூலகம்தான் சிர்கோனியம். மாத்தறைப் பக்கம் கிடைத்த நிறமற்ற சிர்கோனுக்கு வியாபாரிகள் 'மாத்தறை வைரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிர்கோன் என்ற சொல்லும் நமக்கு அந்நியமல்ல. பொன்னிறம் என்று பொருள்படும் பாரசீகச் சொல், அரபியில் ஸர்கூன் ஆகி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பர்.

இன்றும் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று, ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்கோனும் கலந்த கனிய மணல் அள்ளப்படுகிறது. லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச நிறுவனம் அதைப் பிரித்து விற்கிறது. நமக்கு எதிர்க்கரையில், தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் இந்திய அணுசக்தித் துறையின் சிர்கோனியத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே சிர்கோனிலிருந்து ஒட்சைட்டையும் உலோகத்தையும் எடுத்து அணு உலைகளின் தேவைக்கு அனுப்புகிறார்கள். ஒரே கனியம் அணு உலைக்கும் போகிறது, ஆடுகளத்து ஓட்டுக்கும் போகிறது, வாய்க்கும் வருகிறது. தோழிகள் பெருநாளைக்குப் போடும் 'அமெரிக்கன் டயமண்ட்' தோடுகளில் மின்னும் கல்லும் இதே சிர்கோனியம் ஒட்சைட்டுத்தான். பளிங்கின் அமைப்பு மட்டும் வேறு.

சிர்கோன் மணலிலிருந்து சிலிக்காவை நீக்கினால் கிடைக்கும் வெள்ளைத் தூளே சிர்கோனியா. அதைத் தனியாகச் சுட்டுப் பாத்திரம் செய்ய முயன்றவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. சூடாக்கும்போது ஏறத்தாழ 1170 பாகை செல்சியஸில் அதன் பளிங்கு ஒற்றைச்சரிவு வடிவிலிருந்து நாற்கோண வடிவுக்கு மாறும். குளிரும்போது திரும்பப் பழைய வடிவுக்கு வரும். வரும்போது கனவளவில் நான்கைந்து சதவீதம் ஊதும். ஊதினால் வெடிக்கும். சூளையிலிருந்து எடுக்கும்போதே பாத்திரம் சுக்குநூறு. இதற்கு மருந்தாகக் கொஞ்சம் யிற்றியம் ஒட்சைட்டைக் கலந்தார்கள். அது கலந்தால் நாற்கோண வடிவம் சாதாரண வெப்பநிலையிலும் மாறாமல் அப்படியே நிற்கும். பற்களுக்கான சிர்கோனியாவில் வழமையாக நூறு மூலில் மூன்று மூல் யிற்றியம் ஒட்சைட்டு இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்ததுதான். அந்த நாற்கோணப் பளிங்கு நிற்கிறதே தவிர, நிம்மதியாக நிற்கவில்லை. மாறுவதற்கு ஒரு சாட்டு தேடிக்கொண்டிருக்கிறது. பொருளில் எங்காவது ஒரு வெடிப்புத் தோன்றினால் வெடிப்பின் நுனியில் இழுவிசை கூடும். அந்த இழுவிசைதான் சாட்டு. நுனியைச் சுற்றியுள்ள மணிகள் சட்டென்று பழைய வடிவுக்கு மாறி ஊதுகின்றன. மாரிமழையில் மரக்கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொள்ளுமே, அப்படி அந்த ஊதல் வெடிப்பை இருபக்கமும் நெருக்கி மேலே ஓடவிடாமல் தடுக்கிறது. பாத்திரத்தை உடைத்த அதே குணம் உறையைக் காப்பாற்றுகிறது! 1975 இல் அவுஸ்திரேலியாவின் ஆய்வாளர்களான கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் இதைப் பற்றி 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியபோது, மட்பாண்ட உருக்கு என்று தலைப்பிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்கள்.

வளைக்கும்போது சாதாரணப் பல் பீங்கான் ஏறத்தாழ 100 மெகாபஸ்கால் தாங்குவதற்குள் உடைந்துவிடும். இந்தச் சிர்கோனியா 1000 அளவில் தாங்கும். அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்கு இதை விரும்புகிறார்கள். முன்பல்லுக்கு யிற்றியம் கூடுதலாகக் கலந்த, ஒளி ஊடுருவும் வகை உண்டு. பார்க்க அழகு, ஆனால் ஊதி வெடிப்பை மூடும் குணம் குறைந்துவிடுவதால் வலிமையும் குறைவு.

உறை செய்வதும் விந்தைதான். பல்லின் அளவைக் கணினியில் ஏற்றி, சோக்கட்டிபோல் மென்மையாக இருக்கும் அரைவேக்காட்டுக் கட்டியிலிருந்து உறையை இயந்திரம் குடைந்தெடுக்கிறது. அதை வேண்டுமென்றே ஏறத்தாழ கால்வாசி பெரிதாகக் குடைவார்கள். பிறகு 1500 பாகை அளவில் உலையில் சுடும்போது அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். தோசைக்கல்லில் ரொட்டி சுருங்குவதைக் கணக்குப் பண்ணி உம்மா மாவைப் பெரிதாகத் தட்டுவது நினைவுக்கு வந்தது.

சரி, இப்போது கேள்வி. சிர்கோனியாவின் கடினம் மிளிரியின் கடினத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. மணலே மிளிரியைக் கீறும்போது இது சும்மா விடுமா? எதிர்ப்பல்லை மாவாக்கிவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆரம்பத்தில் பல் வைத்தியர்கள் பலரும் அப்படித்தான் பயந்தார்கள். பதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது.

உம்மம்மாவின் அம்மி கொல்லைச் சுவரோரம் கிடக்கிறது. மிளகாய் அரைத்து அரைத்து அதன் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். அப்போது எவ்வளவு இழுத்தாலும் மிளகாய் அரையாது. குழவி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் அம்மி கொத்துகிறவர் தெருவில் வருவாராம். உளியால் முகமெல்லாம் பொள்ளிவிட்டுப் போனால் அடுத்த நாள் மிளகாய் பசைபோல் அரையும். கொத்துவதற்கு முன்னும் பின்னும் கல்லின் கடினம் ஒன்றுதான். மாறியது அதன் முகம்.

பல்லிலும் இதே நியாயம்தான். எதிர்ப்பல்லை அரைப்பது பொருளின் கடினத்தைவிட அதன் மேற்பரப்பின் சொரசொரப்பு. நன்றாக மெருகிட்ட சிர்கோனியா எவ்வளவு கடினமாக இருந்தாலும் வழுவழுத்த அம்மி. மிளிரி அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. பீங்கான் சிர்கோனியாவைவிட மென்மையானது. ஆனால் அது நொறுங்கும் குணமுள்ளது. கடிக்கக் கடிக்க அதன் முகத்திலிருந்து சிறு சிறு துகள்கள் பெயரும். பெயர்ந்த இடம் கூராகி நிற்கும். பெயர்ந்த துகளோ இரண்டு பற்களுக்கும் நடுவே கருவாட்டு மணல்போல் உருளும். அதாவது பீங்கான் தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி. ஆய்வுகூடங்களில் மெல்லும் இயந்திரங்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் பலவற்றிலும், மெருகிட்ட சிர்கோனியாவுக்கு எதிரே வைத்த மிளிரி, பீங்கானுக்கு எதிரே வைத்ததைவிடக் குறைவாகவே தேய்ந்திருக்கிறது. உண்மையான நோயாளிகளின் வாயில் அளந்தவர்கள், இயற்கைப் பல்லுக்கு எதிரே உள்ளதைவிடச் சிர்கோனியாவுக்கு எதிரே தேய்வு கொஞ்சம் கூடுதல், பீங்கானோடு ஒப்பிட்டால் பயப்படும்படி இல்லை என்ற வகையில் சொல்கிறார்கள்.

கூடுதலாவது ஏன் என்று யோசித்தால் அதுவும் விளங்கும். இயற்கைப் பல்லும் இயற்கைப் பல்லும் உரசினால் தேய்வை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சிர்கோனியா தன் பங்கை ஏற்பதில்லை. அது ஏறக்குறையத் தேயவே மாட்டாது. வருவதையெல்லாம் எதிரே இருப்பவர்தான் தாங்க வேண்டும். (குடும்பங்களிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.)

ஆகவே எல்லாம் அந்த மெருகில் இருக்கிறது. மெருகு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பளபளப்புக்காகச் சில உறைகளின்மேல் உலையில் உருக்கிப் பூசும் கண்ணாடிப் பூச்சு. கடையில் பார்க்கும்போது மெருகிட்டதைவிட இது அழகாக இருக்கும். ஆனால் அது வெறும் கண்ணாடி. கடிபடும் இடத்தில் சில மாதங்களிலேயே தேய்ந்து உடையும். அடியில் மெருகிடாத சிர்கோனியா இருந்தால் அதன் சொரசொரப்பு வெளியே வரும். பூச்சு பூசுவதற்கு முன்பே அடித்தளத்தை மெருகிட்டால்தான் இதற்குத் தப்பலாம்.

மற்றது எங்கள் வீட்டில் நடந்தது. உறையைப் பொருத்தியவுடன் பல் வைத்தியர் நிறக் காகிதமொன்றைக் கடிக்கச் சொல்வார். உறை உயர்ந்து நிற்கும் இடத்தில் நிறம் ஒட்டும். அந்த இடத்தை, வைரத்தூள் பதித்த சுழல்முனையால் கொஞ்சம் அரைத்துக் குறைப்பார். இது தவறல்ல; செய்யாவிட்டால் முழுக் கடியும் அந்த ஒரு புள்ளியில் விழும். ஆனால் வைரமுனை செய்வது அம்மி கொத்தியின் வேலை. அதற்குப் பிறகு படிப்படியாக நுண்மை கூடிய ரப்பர் முனைகளாலும் வைரப்பசையாலும் அதே இடத்தை மெருகிட வேண்டும். உம்மாவுக்கு உறை போட்ட இடத்தில் அன்று கூட்டம் அதிகமாம். மூன்று முறை அரைத்தார்கள், காகிதத்தைக் கடிக்க வைத்தார்கள், "இப்ப சரியா?" என்று கேட்டார்கள், உம்மா தலையாட்டினார், முடிந்தது. வீட்டுக்கு வந்து நாக்கால் தடவியபோது ஓரிடம் மட்டும் மண் கடதாசிபோல் இருந்ததாக உம்மா இப்போது சொல்கிறார். அப்போது சொல்லவில்லை. பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தாராம்.

நமது வாய்க்கு நாக்கைவிட நல்ல கருவி கிடையாது. ஆய்வுகூடத்தில் ஊசிமுனையை ஓட்டி அளக்கும் சொரசொரப்பை நாக்கின் நுனி தானாகவே கண்டுபிடிக்கிறது. உறை போட்ட அன்றைக்கே நாக்கால் தடவிப் பார்த்து, எங்காவது கரகரத்தால் அங்கேயே சொல்லிவிடலாம். "அரைத்த இடத்தை மெருகிட்டீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தூக்கத்தில் பல் நெரிக்கும் பழக்கமுள்ளவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாப்பாடு மெல்லும்போது விழும் விசை வேறு, உறக்கத்தில் நெரிக்கும் விசை வேறு.

எலுமிச்சை, புளி, சோடா ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வாயில் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே போனால் மிளிரி கரையத் தொடங்கும். அமிலம் பட்டு இளகிய மிளிரியைச் சொரசொரப்பான உறை இன்னும் சுலபமாக வழிக்கும். எங்கள் வீட்டு நோன்பு திறக்கும் மேசையில் தேசிக்காய்த் தண்ணீர் இல்லாத நாள் இல்லை. உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்க்கும் பழைய பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: உப்பு ஒன்றும் செய்யாது, உமியில் சிலிக்கா இருக்கிறது. மிஸ்வாக்குக் குச்சியின் மெல்லிய நாரில் அந்தப் பயம் இல்லை.

தங்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். தேய்வை மட்டும் பார்த்தால் தங்கக் கலப்புலோகம்தான் எதிர்ப்பல்லுக்கு மிகவும் இணக்கமானது. ஏறக்குறைய மிளிரியைப் போலவே அதுவும் தேய்ந்து கொடுக்கும். ஆண்கள் தங்கப் பல் கட்டலாமா என்ற கேள்விக்கு உலமாக்கள் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியை ஆதாரமாகக் காட்டுவார்கள். குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார், அது நாற்றமெடுத்தது, தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். வாய்க்குள்ளும் மூக்கிலும் வைக்கும் பொருள் ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி அவ்வளவு பழையது. சிர்கோனியாவும் ஈரத்துக்கு முழுக்க விதிவிலக்கல்ல. அதன் மேற்பரப்புப் பளிங்குகள் நீர்பட்டு மிக மெதுவாகப் பழைய வடிவுக்கு மாறக்கூடும். இடுப்பு மூட்டுக்காகச் செய்த சிர்கோனியாப் பந்துகளில் சில தொகுதிகள், சுடும் முறையை மாற்றியதால் உடலுக்குள்ளேயே உடைந்து, 2001 இல் திரும்பப் பெறப்பட்டன. அன்றிலிருந்து சுடும் முறையில் கவனம் கூடியிருக்கிறது.

நம் பகுதிப் பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரண்ட வலயத்தின் கிணற்று நீரில் பல இடங்களில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. சிறு வயதில் அதிகமாகக் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். எங்கள் வகுப்பிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலியாணப் பேச்சு வரும்போது, நல்ல பற்களை அராவி வரிசையாக உறை போட்டுவிடலாம் என்று வீடுகளில் பேசப்படுவதையும் கேட்டிருக்கிறேன். உறைக்காக அராவும் மிளிரி திரும்ப வராது. அதோடு, கடுமையாகக் கறைபட்ட மிளிரி நுண்துளை நிறைந்தது, சுலபமாக உதிரும். அதற்கு எதிரே எதை வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்பதைப் பல் வைத்தியரிடம் ஆற அமரக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். மேலோட்டமான கறைக்கு உறை இல்லாத வழிகளும் இருக்கின்றன.

பெருநாள் கழிந்து உம்மாவை வேறொரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் சிறிய கண்ணாடியை வைத்துக் கீழ்ப்பல்லைக் காட்டினார். முகடு இருக்க வேண்டிய இடத்தில் அரிசி மணி அளவில் தட்டையான ஒரு திட்டு. அதன் நடுவில் மஞ்சள் புள்ளி. அதுதான் பன்முதல். மேலுறையில் அதற்கு நேரே மங்கலாக ஓரிடம். புதிய உறை தேவையில்லை என்றார். அந்த மங்கலான இடத்தை மூன்று வகை ரப்பர் முனைகளால் மெருகிட்டார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. கீழ்ப்பல்லின் புள்ளியைப் பல் நிற அடைப்பால் மூடினார். உம்மா நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப வழுக்குது டொக்டர்" என்றார்.

கூச்சம் நின்றுவிட்டது. ஆனாலும் ஐஸ் போட்ட எதையும் உம்மா இன்னும் இடப்பக்கமாகத்தான் குடிக்கிறார்.